கடலின் கோபமா, மணலின் கணக்கா?

(வடசென்னைக் கடற்கரைக் குப்பம் ஒன்றின் படிப்பகத்து முன்பு கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று கடலைப்பற்றி இங்கு சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று படிப்பகத்துத் தோழர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கடலிலேயே பிழைத்து, காற்று மாறுவதைக் கொண்டே நாளைக்கு வலை போடலாமா கூடாதா என்று சொல்லக்கூடிய உங்களுக்கு முன்னால், கரையில் நின்று காலை நனைத்துக்கொண்டதற்கு மேல் கடலோடு பழக்கமில்லாத நான் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியந்தான். ஆனாலும் ஒரு காரணத்துக்காக ஒப்புக்கொண்டேன்.

மாலையில் தோழர்கள் என்னைக் கரையோரமாய் அழைத்துவந்தார்கள். வழியில் பாதி வீடு கண்டேன். அதாவது முன்பக்கத்துத் திண்ணையும் வாசற்படியும் கடலுக்குள் போய்விட்டன. பின்பக்கத்து அடுப்படி மாத்திரம் நிற்கின்றது. அந்த அடுப்படியில் ஒரு வயதான தாயார் உலை வைத்துக்கொண்டிருந்தார்கள். "என்னம்மா இப்படி ஆகிவிட்டது?" என்று கேட்டேன். "கடலம்மாவுக்குக் கோபம் ஐயா, போன வருஷம் பூசையைச் சரியாய்ச் செய்யவில்லை" என்றார்கள். இவ்வருஷம் பெரிதாய்ச் செய்ய வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் போட்டிருப்பதாயும் சொன்னார்கள். அந்தத் தாயாரைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. வீட்டைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது மனிதத் தன்மையல்ல. ஆனால் அவர்களுக்கு இந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுத்து, உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறோமே, அதை நினைத்து வெட்கப்பட்டேன். ஆகவே கடல் எப்படிக் கரையை அறுக்கிறது, எப்படிக் கரையைக் கட்டுகிறது என்பதை எனக்குத் தெரிந்த மட்டில் சொல்லுகிறேன். நான் சொல்வதாலேயே நம்பிவிட வேண்டாம். கடல் எதிரிலேயே இருக்கிறது. பார்த்து, பரிசோதித்து, உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய காரணங்கள்

கடல் ஊரைக் கொள்வதற்கு நம் நாட்டில் வெகுகாலமாய் ஒரே காரணந்தான் சொல்லிவந்திருக்கிறார்கள். மணிமேகலைக் காப்பியத்தில் காவிரிப்பூம்பட்டினம் ஏன் கடலில் மூழ்கியது? சோழ அரசன் தன் மகனைக் காணாத துயரத்தில் இந்திர விழாவை நடத்த மறந்தானாம். அதனால் வந்த சாபமாம். மகனைக் காணாமல் தகப்பன் துக்கப்பட்டதற்கு ஊரார் எல்லோரும் வீடுவாசலை இழக்கவேண்டும் என்பது என்ன நியாயம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, விழாவை மறந்த ஊர் போயிற்று என்றே வைத்துக்கொள்வோம். தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயில் என்று ஒரு சிவன் கோயில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியன் காலத்தில் கட்டப்பட்டது. அந்தக் கோயிலின் முன்பாகத்தைக் கடல் தின்றுவிட்டது. அங்கே பூசை நடக்கவில்லையா? விளக்கு எரியவில்லையா? பூசை செய்யாத ஊரையும் கடல் கொள்ளுகிறது, பூசை நடந்த கோயிலையும் கடல் கொள்ளுகிறது என்றால், பூசைக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை என்பதுதானே கணக்கு? ஆகையால் வேறு காரணம் தேடவேண்டும். அந்தக் காரணம் அலையில் இருக்கிறது, மணலிலும் இருக்கிறது.

அலை என்றால் என்ன?

கடலில் காற்று வீசுகிறது. காற்று நீரின் மேல் உராய்ந்து தன் பலத்தில் கொஞ்சத்தை நீருக்குக் கொடுக்கிறது. அந்தப் பலந்தான் அலையாய்க் கரைக்கு வருகிறது. வருவது பலமே தவிர நீரல்ல. நெல் வயலில் காற்றடித்தால் கதிர்கள் அலையலையாய்ச் சாய்ந்து நிமிர்கின்றன. எந்தக் கதிராவது வேரோடு பெயர்ந்து அடுத்த வரப்புக்குப் போகிறதா? அதுபோலவே ஆழ்கடலில் நீர் இருந்த இடத்திலேயே வட்டமடிக்கிறது. நீங்கள் கட்டுமரத்தில் போகும்போது அலை உங்களை ஏற்றி இறக்கிவிட்டு அடியால் போய்விடுகிறதே, அதுதான் சாட்சி.

இந்த வட்டம் ஆழத்தில் போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும். ஓர் அலையின் முகட்டிலிருந்து அடுத்த அலையின் முகடு வரை 200 அடி என்றால், 100 அடி ஆழத்துக்குக் கீழே அந்த அலையின் அசைவு இல்லை என்றே சொல்லலாம். கரைக்கு அருகே ஆழம் குறையும்போது என்ன ஆகிறது? அலையின் அடிப்பாகம் தரையில் தட்டுப்பட்டுப் பின்தங்குகிறது, மேற்பாகம் முந்துகிறது. அலை உயர்ந்து, நிலைகொள்ளாமல், தலைகுப்புற விழுகிறது. ஆழமானது அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றேகால் பங்காய்க் குறையும் இடத்தில் அலை உடையும். எங்கேயோ நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் காற்றுக் கொடுத்த பலம் முழுவதும் உங்கள் வாசலுக்கு எதிரே அந்த ஒரு நொடியில் இறக்கிவைக்கப்படுகிறது.

10 விநாடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 8,640 அலை. ஒரு வருஷத்துக்கு 31 லட்சத்து 53 ஆயிரத்து 600 அலை. ஒரு கனமீட்டர் கடல் நீரின் எடை ஒரு டன்னுக்குச் சற்று அதிகம். இவ்வளவு எடையுள்ள சம்மட்டியை ஓயாமல், சம்பளமில்லாமல், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் இல்லாமல் வருஷத்துக்கு 31 லட்சம் தடவை அடித்தால் எந்தக் கரைதான் அப்படியே இருக்கும்?

அறுக்கும் கடல்

பாறைக் கரையில் அலை மோதும்போது பாறையின் வெடிப்புகளுக்குள் இருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. அலை பின்வாங்கியதும் அந்தக் காற்று திடீரென்று விரிகிறது. நெருக்குவதும் விரிவதுமாகவே வெடிப்பு பெரிதாகிறது. அல்லாமலும் அலை வெறுங்கையோடு வருவதில்லை. கல்லையும் மணலையும் எடுத்துவந்து எறிகிறது. உப்புக்காகிதம் மரத்தைத் தேய்ப்பதுபோல் அந்த மணல் பாறையைத் தேய்க்கிறது. சுண்ணாம்புப் பாறையாயிருந்தால் நீரிலேயே கொஞ்சங்கொஞ்சமாய்க் கரையவும் செய்கிறது. எறியப்படும் கற்களும் ஒன்றோடொன்று உரசி, முனை மழுங்கிக் கூழாங்கல்லாகி, கடைசியில் மணலாகின்றன.

இப்படிப் பாறையின் அடியில் அலை குடைந்துகொண்டே போக, மேற்பாகம் ஆதாரமில்லாமல் சரிந்து விழும். கேரளத்தில் வர்க்கலைக்குப் போனவர்கள் கடலோரத்துச் செங்குத்து மேட்டைப் பார்த்திருப்பீர்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் அலை இரு புறமும் குடைந்தால் முதலில் குகை உண்டாகும். இரண்டு குகைகளும் சந்தித்தால் வளைவு உண்டாகும். வளைவின் மேற்கூரை விழுந்தால் கடலுக்குள் தனித்தூண் நிற்கும். பிறகு அதுவும் விழும். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணக் கடற்கரையில் லண்டன் பாலம் என்று பெயரிடப்பட்ட சுண்ணாம்புப் பாறை வளைவு ஒன்று இருந்தது. 1990 ஜனவரி 15-ந் தேதி அதன் கரைப்பக்கத்துப் பாகம் இடிந்து விழுந்தது. அப்போது வேடிக்கை பார்க்கப் போயிருந்த 2 பேர் கடல் பக்கத்துப் பாகத்தில் அகப்பட்டுக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வந்து அவர்களைத் தூக்கிவந்தது. அந்தப் பாறையை எந்தத் தெய்வமும் கட்டவும் இல்லை, இடிக்கவும் இல்லை. கட்டியதும் இடித்ததும் காலமும் அலையும்.

அலை எல்லா இடத்தையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. ஆழம் குறைந்த இடத்தில் அலையின் வேகம் குறைவதால் அலை வளைகிறது. அப்படி வளைந்து, நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைச் சுற்றி நெருங்கித் தாக்குகிறது. உள்வாங்கிய குடாக்களில் பரவிப் பலம் குறைகிறது. ஆகவே முனை அறுபடுகிறது. குடாவில் மணல் சேருகிறது. கடல் ஒரு கையால் எடுப்பதை இன்னொரு கையால் கொடுக்கிறது.

கட்டும் கடல்

இந்தக் கொடுக்கும் கையைப்பற்றித்தான் நமக்குத் தெரியவேண்டும். ஏனெனில் நம் சென்னைக் கரை பாறைக் கரையல்ல, மணற்கரை. மலையில் உடைந்த கல்லை ஆறுகள் மணலாய்க் கடலுக்குக் கொண்டுவருகின்றன. காவிரியும் தென்பெண்ணையும் பாலாறும் கொண்டுவந்து கொட்டுவதைக் கடல் வாங்கிக் கரை நெடுகப் பங்கிடுகிறது. மழைக்காலத்துப் பெரிய அலை கரை மணலை வாரிக்கொண்டுபோய்க் கொஞ்ச தூரத்தில் நீருக்கடியில் திட்டாய்ப் போட்டுவைக்கும். காற்றடங்கிய காலத்துச் சாந்தமான அலை அதைத் திரும்பக் கொண்டுவந்து கரையில் சேர்க்கும். நீங்கள் ஐப்பசி கார்த்திகையில் கரை குறுகுவதையும், மாசி பங்குனியில் அகலுவதையும் பார்த்தே வருகிறீர்கள். அது கடல் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது.

இப்படிக் குவிந்த மணல்தான் கூவம், அடையாறு முகத்துவாரங்களை மூடுகிறது. இப்படி நீண்ட மணல்மேடுதான் ஸ்ரீஹரிகோட்டாத் தீவாகி, பழவேற்காடு ஏரியை வங்காள விரிகுடாவிலிருந்து பிரித்துவைத்திருக்கிறது. ஏரி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவே நிற்பது அலை கட்டிய மண்.

மணல் நடக்கும் வழி

நிற்க, இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். அலை கரைக்கு நேராக வருவது அபூர்வம். பெரும்பாலும் சாய்வாகவே வருகிறது. சாய்வாய் வரும் அலை மணலையும் சாய்வாகவே மேட்டில் ஏற்றுகிறது. ஆனால் திரும்பும்போது நீர் பள்ளத்தை நோக்கி நேராக இறங்குகிறது. ஏறுவது சாய்வு, இறங்குவது நேர். ஒவ்வோர் அலைக்கும் ஒவ்வொரு மணலும் ஒரு சாண் பக்கத்தில் தள்ளிப்போகிறது. நாளைக்கு 8,640 அலை என்று முன்பே கணக்குப் பார்த்தோம். ஆகவே கரை மணல் நிற்கவில்லை. இரவும் பகலும் நடந்துகொண்டிருக்கிறது. சந்தேகமுள்ளவர்கள் செங்கல் துண்டு நாலைந்துக்கு வர்ணம் பூசி அலை ஏறி இறங்கும் இடத்தில் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள்.

சென்னை, புதுச்சேரிக் கரையில் தெற்கேயிருந்து வரும் அலைகள் வருஷத்தில் அதிக மாதங்கள் அடிக்கின்றன. அப்போது மணல் வடக்கே போகிறது. வாடைக்காற்று வீசும் சில மாதங்களில் மணல் தெற்கே போகிறது. வரவையும் செலவையும் கழித்துப் பார்த்தால் வருஷத்துக்கு வடக்கே போவதுதான் அதிகம். அதாவது உங்கள் வாசலில் இருக்கும் மணல் உங்களுடையதல்ல. தெற்கூரிலிருந்து வந்தது, வடக்கூருக்குப் போகிறது. நேற்றைய மணல் போனாலும் இன்றைய மணல் வந்துவிடுவதால் கரை அப்படியே இருப்பதாய்த் தோன்றுகிறது. கல்லாப்பெட்டியில் பணம் எப்போதும் 100 ரூபாய் இருக்கிறதென்றால், அதே நோட்டு இருக்கிறது என்று அர்த்தமல்லவே!

நடுவே போட்ட கதவு

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. பழைய காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். இந்தக் கஷ்டத்தைப் போக்க 1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டி, கடலுக்குள் இரண்டு பெரிய சுவர்களை நீட்டினார்கள். 1881 நவம்பர் புயலில் அவை பெரும் சேதமடைந்தன, திரும்பவும் கட்டினார்கள். துறைமுகம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கப்பலுக்கு அது அவசியந்தான். ஆனால் அந்தச் சுவர் கப்பலுக்கு நிழல் கொடுத்ததோடு, மணல் நடக்கும் வழியில் குறுக்கே கதவும் போட்டுவிட்டது.

பலன் என்ன? தெற்கேயிருந்து நடந்துவந்த மணல் சுவரில் முட்டி அங்கேயே தங்கிற்று. துறைமுகத்தின் கிழக்கு வாசலிலும் மணல் சேர்ந்து தொல்லை கொடுத்ததால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வாசலை அடைத்து வடகிழக்கில் வேறு வாசல் வைக்கவேண்டியதாயிற்று. தெற்கே மணல் மேலும் மேலும் சேர்ந்து இன்றைய மெரினாவின் அகன்ற கடற்கரை ஆயிற்று. கவர்னர் கிராண்ட் டப் 1884-ல் அங்கே உலாவுசாலை போட்டு மெரினா என்று பெயரிட்டார். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைப்பதற்காகக் கட்டிய ஐஸ் ஹவுஸ் அன்று கடலுக்கு அருகில் இருந்தது. இன்று அங்கிருந்து அலையைத் தொட வெகுதூரம் மணலில் நடக்கவேண்டும். சுண்டல் வாங்கிக்கொண்டு நாம் காற்று வாங்கும் அந்த மணல் யாருடையது? வடக்கே வந்துசேர வேண்டியிருந்த மணல், தோழர்களே! இராயபுரத்துக்கும், காசிமேட்டுக்கும், திருவொற்றியூருக்கும், உங்கள் குப்பத்துக்கும் வந்துசேர வேண்டியிருந்த மணல்!

இங்கே வடக்கே என்ன நடந்தது? வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. தெற்கேயிருந்து மணல் வருவது தடைப்பட்டது. ஆனால் அலை வழக்கம்போல் உள்ள மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருந்தது. வருமானமில்லாதவன் முதலை எடுத்துச் சாப்பிடுவதுபோல், மணல் கிடைக்காத அலை கரையையே எடுத்துச் சாப்பிட்டது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. இதற்கு மேல் எண்ணூரில் 2001-ல் மற்றொரு துறைமுகம் வந்து, அதற்கு வடக்கிலும் அதே கேள்வி எழுந்துவிட்டது.

புதுச்சேரியில் இதே பாடம் இன்னும் தெளிவாய் நடந்தது. 1980-களின் கடைசியில் நகரத்துக்குத் தெற்கே துறைமுகச் சுவர்களைக் கட்டினார்கள். தெற்கே தேங்கும் மணலை வடக்கே தள்ளவேண்டும் என்பது தெரிந்த விஷயந்தான். ஆனால் அது ஒழுங்காய்த் தொடர்ந்து நடைபெறவில்லை. சில வருஷங்களில் நகரத்துக்கு எதிரே இருந்த மணற்கரை மறைந்து, கருங்கல் குவியல் மாத்திரம் மிஞ்சிற்று. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கடற்கரை என்றால் கருங்கல் என்றே நினைத்து வளர்ந்தார்கள்.

பாவம் எந்தப் பக்கம்?

இப்போது அந்தத் தாயார் சொன்னதை யோசித்துப் பாருங்கள். துறைமுகத்துக்குத் தெற்கே கடல் பின்வாங்கி நிலம் கொடுத்திருக்கிறது. வடக்கே கடல் முன்னேறி நிலத்தை எடுத்திருக்கிறது. ஒரே கடல், ஒரே காற்று, நடுவே சில மைல் தூரம். தெற்கே மெரினாவில் காற்று வாங்க வருகிறவர்கள் எல்லோரும் புண்ணியவான்களா? வடக்கே வலை பின்னிப் பிழைக்கும் நீங்கள் எல்லோரும் பாவிகளா? அப்படியானால் கடலம்மாவின் கோபதாபம் துறைமுகத்துச் சுவரை எல்லையாக வைத்துக்கொண்டு, அதுவும் சுவர் கட்டிய பிறகுதான் வந்திருக்கவேண்டும். கோபத்துக்குச் சுவர் ஏது?

படித்தவர்களிலும் சிலர் வேறொரு சமாதானம் சொல்லுகிறார்கள். உலகம் சூடேறிக் கடல் மட்டம் உயர்கிறது, அதனால் கரை போகிறது என்பார்கள். கடல் மட்டம் உயர்வது வாஸ்தவம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரி சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, இனியும் உயரும், அது பெரிய அபாயந்தான். ஆனால் மட்டம் உயர்வதுதான் இங்கே முழுக் காரணம் என்றால், சுவருக்குத் தெற்கே கரை வளர்ந்தது எப்படி? சாபம் என்று சொன்னாலும், உலகச்சூடு என்று மொத்தமாய்ச் சொன்னாலும், பக்கத்திலிருக்கும் காரணம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது; பதில் சொல்லவேண்டியவர்கள் தப்பித்துக்கொள்ளுகிறார்கள்.

ஆறுகளையும் மறந்துவிடக்கூடாது. 1934-ல் மேட்டூர் அணை கட்டிமுடிந்தது. அதற்குப் பின்னும் முன்னும் ஆறுகளின் குறுக்கே எத்தனையோ அணைகள் எழுந்தன. அணை தண்ணீரை நிறுத்துவதோடு மணலையும் நிறுத்துகிறது. மிஞ்சியதை லாரி லாரியாய் வாரிக்கொண்டு போகிறார்கள். கடலுக்கு ஆறு கொடுத்துவந்த படியரிசியையே நாம் பாதியில் பிடுங்கிக்கொண்டால், பசித்த கடல் எதைத் தின்னும்?

கல்லைக் கொட்டினால் தீருமா?

வீடு போகும்போது எல்லோரும் கேட்பது கருங்கல். கேட்பதில் குற்றமில்லை, உயிர்போகிற அவசரத்துக்கு அது உதவும். ஆனால் கல்லில் மோதிய அலை திரும்பும்போது கல்லுக்கு முன்னாலிருக்கும் மணலையும் தோண்டிக்கொண்டு போகிறது. நாளடைவில் கல் இருக்கும், கரை இருக்காது; படகு ஏற்ற இடமிருக்காது, வலை உலர்த்த இடமிருக்காது. அல்லாமலும் கல் முடியும் இடத்தில் அடுத்த ஊருக்கு ஆபத்து ஆரம்பமாகும். கடலுக்குள் நீட்டும் தூண்டில் வளைவும் அப்படியே. அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே குறையும். புதுச்சேரிக்கு வடக்கே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று ஒவ்வோர் ஊராக அரிப்பு நகர்ந்துகொண்டு போனது இப்படித்தான்.

எனக்கு முன்னால் ஒரு தோழர் சீட்டில் எழுதிக் கேட்டிருக்கிறார்: "அப்படியானால் கல் போட்டுக்கொண்ட பக்கத்துக் குப்பத்தார்தானே நமக்கு விரோதிகள்?" இல்லை தோழரே! நெருப்புப் பிடித்த வீட்டிலிருந்து தப்பியோடுகிறவன், நெருப்பு வைத்தவன் ஆகமாட்டான். மணல் நடக்கும் வழி ஒன்று. அந்த வழியிலிருக்கும் குப்பங்கள் எல்லாம் ஒரே கணக்குப் புத்தகத்தின் ஏடுகள். ஊருக்கு ஊர் சண்டையிட்டால் ஆளுக்கு நாலு லாரிக் கல் கிடைக்கும், மணல் கிடைக்காது.

செய்யக்கூடியது என்ன?

தேங்கிய மணலைத் தடைக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்ப்பதே இதற்கு நேர் வழி. இது கனவல்ல. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் சேரும் மணலைத் தூர்வாரும் கப்பலால் எடுத்து, வடக்கே நகரக் கடற்கரைக்குக் கொடுத்துவந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 1960-களில் சுவர்களை நீட்டினார்கள். மணல் தேங்கி, வடக்கே கோல்டு கோஸ்ட் கரைகள் அரிக்கப்பட்டன. அங்கேயும் கடல்தான், அலைதான். ஆனால் அவர்கள் 2001 முதல் குழாய் வைத்து, வருஷத்துக்குச் சராசரி 5 லட்சம் கனமீட்டர் அளவில் மணலை ஆற்றுக்கு அப்பால் தள்ளிவருகிறார்கள். புதுச்சேரியிலும் 2018-ஐ ஒட்டி, கடலுக்கடியில் முக்கோண வடிவில் இரும்புத் திட்டு ஒன்றை முழுகவைத்து, மணலும் கொட்டியபிறகு நகரத்துக்கு எதிரே மணற்கரை திரும்பவும் தலைகாட்டிற்று. போன மணல் வராது என்பது பொய், கொடுத்தால் வரும்.

ஆகவே நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. "சுவருக்குத் தெற்கே வருஷத்துக்கு எவ்வளவு மணல் தேங்குகிறது? அதில் எவ்வளவு வடக்கே அனுப்பப்படுகிறது?" இதைக் கடலைப் பார்த்துக் கேட்காதீர்கள், கடல் தன் கணக்கைச் சரியாகத்தான் வைத்திருக்கிறது. சுவர் கட்டியவர்களையும், கட்ட அனுமதித்தவர்களையும், இனிமேல் கட்டப்போகிறவர்களையும் கேளுங்கள்.

கேட்பதற்கு முன் கையில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படிப்பகத்துச் சுவரில் ஓர் ஆணி அடியுங்கள். ஒவ்வோர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், அலை ஏறி நின்ற கோடு வரை ஆணியிலிருந்து கயிறு பிடித்து அளந்து, தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். அவர்கள் ஒழுங்காய்ச் செய்வார்கள். தெற்கூரிலும் வடக்கூரிலும் இதேபோல் செய்யச் சொல்லுங்கள். 3 வருஷம் எழுதிய நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்தால், "கடலின் சுபாவம் அப்படி" என்று எந்த அதிகாரியும் உங்களைச் சுலபமாய் அனுப்பிவிட முடியாது.

பூசைக்கு வசூல் போட்டிருப்பதாய் அந்தத் தாயார் சொன்னார்கள். அதைப்பற்றி நான் ஒன்றும் உத்தரவு போட வரவில்லை, பணம் உங்களுடையது. ஆனால் அதில் ஒரு பங்கில் கயிறும் நோட்டும் வாங்குங்கள் என்று மாத்திரம் கேட்டுக்கொள்ளுகிறேன். அடுத்த வருஷம் நான் இங்கே வரும்போது, கடலம்மாவுக்குக் கோபம் தணிந்ததா என்று உங்களைக் கேட்கமாட்டேன். ஆணியிலிருந்து அலை எத்தனை அடி என்று கேட்பேன். அந்தத் தாயாரே அதற்குப் பதில் சொல்லவேண்டும் என்பது என் ஆசை.